தீர்மானத்தை எழுதியவன் நான்தான்

எங்கள் ஊரின் மேய்க்கால் புறம்போக்கு 11 ஏக்கர் சொச்சத்தைக் கைகழுவிய ஊராட்சித் தீர்மானம் என் எழுத்தில் இருக்கிறது. அடியில் உள்ள கையொப்பத்தை மட்டும் சொல்லவில்லை. 'மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்பட்டது' என்ற தொடக்கம் முதல் 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்ற முடிவு வரை, வாசகம் முழுவதையும் யோசித்து எழுதியவன் நான். தலைவர் செய்த வேலை என்றும் கிளார்க் செய்த வேலை என்றும் ஊரில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். தலைவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கிளார்க் மாறுதலில் போனவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பழி அவர்கள் பேரில் கிடப்பது எனக்கு வசதியாக இருந்தது. அதனால்தான் இத்தனை காலம் வாயைத் திறக்கவில்லை.

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 2006 உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் எதிர்த்து நிற்க ஆளில்லாததால் உறுப்பினர் ஆனேன். ஊர், ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே, கரிசலும் செவலும் கலந்த பூமி. பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிலத்தில் நிற்கும் பள்ளிக்கூடத்தின் பெயரும் தெரிந்துவிடும். அங்கே படிக்கிற பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

வெளியூர்க் கல்வி அறக்கட்டளை ஒன்று பள்ளி கட்ட நிலம் கேட்டது. ஊராட்சியும் 'நிலம் வழங்க ஆட்சேபணை இல்லை' என்று ஒற்றை வரியில் ஒரு தீர்மானம் போட்டு அனுப்பியது. தாலுகா அலுவலகத்திலிருந்து கோப்பு திரும்பி வந்தது. மேய்ச்சல் நிலத்தை விட்டுக்கொடுப்பதற்கான காரணங்கள் குறிப்பிடப்படவில்லையாம். அன்று சாயங்காலமே தலைவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, காரணம் கேக்காங்க. நமக்கு அதெல்லாம் எழுத வருமா? நீங்க நாலு வரி போட்டுக் குடுங்க."

நாலு கேட்டவருக்கு நான் ஐந்து கொடுத்தேன்.

மேய்க்கால் புறம்போக்கு அரசு நிலம்தான். ஆனால் அதை யார், எதற்கு, எப்படிப் பயன்படுத்துவது என்று முறைப்படுத்தும் பொறுப்பு ஊராட்சியுடையது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு, மாட்டு மந்தை, தோப்பு என்று பெயர் சொல்லியே இவற்றை ஊராட்சியின் பொறுப்பில் விடுகிறது. மேய்க்காலை வேறு காரியத்துக்குக் கொடுப்பதென்றால் முதலில் அந்த வகைப்பாட்டிலிருந்து எடுத்துத் தரிசாக மாற்ற வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர் என்று கோப்பு படியேறும். எந்தப் படியில் இருப்பவரும் நிலத்தைப் போய்ப் பார்க்கிறாரோ இல்லையோ, ஊராட்சித் தீர்மானத்தைப் பார்ப்பார். ஊர்க்காரர்களே வேண்டாம் என்கிறபோது நமக்கென்ன என்று மேலே தள்ளுவார். எங்கள் கோப்பும் அப்படித்தான் ஏறியது. பின்னாளில் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு அலுவலகக் குறிப்பிலும் என் வாக்கியங்களே திரும்பத் திரும்ப இருந்தன. ஒரு இடத்தில் நான் போட்ட அரைப்புள்ளிகூட மாறவில்லை. ஐந்து காரணங்களையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் காரணம்: 'மேற்படி நிலம் நெடுங்காலமாக எவ்விதப் பயன்பாடுமின்றித் தரிசாகக் கிடப்பதாலும்.'

இது பொய் என்று எழுதும்போதே தெரியும். சித்திரை, வைகாசியில் புல்லெல்லாம் கருகிப்போன பிறகு எங்கள் ஊர் ஆடுகளைக் காப்பாற்றியது அந்த நிலத்திலிருந்த வெள்வேல மரங்கள்தான். கிடைக்காரர்கள் தொரட்டியைக் கிளையில் மாட்டி ஒரு உலுக்கு உலுக்குவார்கள். காய்ந்த நெற்று சடசடவென்று உதிரும். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் எங்கெங்கோ நிழலுக்கு ஒண்டியிருந்த செம்மறிகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு ஓடிவரும். குட்டி ஈன்ற ஆடுகளுக்கு மட்டும் தனியாக இரண்டு கை நெற்றை மடியில் கட்டி வைத்திருப்பார்கள். மழை பெய்துவிட்டால் ஒரே வாரத்தில் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நிற்கும். நிலத்தின் மேற்குச் சரிவில் ஓடும் தண்ணீர்தான் ஊருணிக்கு வரத்து. சாயங்காலம் நடைப்பயிற்சி போகும்போதெல்லாம் இவற்றைப் பார்த்தவன் நான்.

பார்த்தும் ஏன் பயன்பாடில்லை என்று எழுதினேன்? நிலத்துக்குப் பயன் என்றால் அதற்கு ஒரு ரசீது இருக்க வேண்டும் என்று நினைப்பவனாக இருந்தேன். மேய்ச்சலுக்கு ரசீது கிடையாது. நெற்றுக்கு விலை கிடையாது. ஊராட்சியின் வரவுப் பக்கத்தில் அந்த 11 ஏக்கருக்கு நேரே ஒன்றுமில்லை. என்.எஸ். ஜோதா என்ற பொருளாதார அறிஞர் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களின் வறண்ட வட்டாரங்களில் கிராமப் பொது நிலங்களைப் பற்றி நேரில் ஆராய்ந்து 1986இல் கட்டுரை எழுதியவர். 1950களுக்கும் 1980களுக்கும் இடையில் அந்த நிலங்கள் மூன்றிலொரு பங்கிலிருந்து பாதி வரை சுருங்கிப்போனதையும், நிலமற்றவர்களின் பிழைப்பில் அவை எவ்வளவு பெரிய பங்கு என்பதையும் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டது மிகவும் பிந்தி. ஆனால் அது எனக்குச் சாக்காகாது. ஜோதா கணக்கில் காட்டியதை நான் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டாவது: 'முட்புதர்கள் மண்டி, சமூக விரோதச் செயல்களுக்கு இடமளிப்பதாலும்.'

சீமைக் கருவேலம் ஒரு மூலையில் மண்டிக் கிடந்தது வாஸ்தவம். அதை மண்டவிட்டது யார்? ஊராட்சி. கரி மூட்டம் போடுகிறவர்களுக்கு ஏலம் விட்டால் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஏதோ தொகை வரும் என்பதற்காக வேரோடு பிடுங்காமல் விட்டிருந்தோம். ஏலக் கணக்கைச் சரிபார்த்தவர்களில் நானும் ஒருவன். சமூக விரோதச் செயல் என்று நான் எழுதியது சீட்டாட்டத்தை. சீட்டாடியவர்களில் எங்கள் மன்ற உறுப்பினர் ஒருவரும் உண்டு. அந்தத் தீர்மானத்தின் அடியில் அவர் கையொப்பமும் இருக்கிறது.

மூன்றாவது: 'கால்நடைகளின் மேய்ச்சலுக்குக் கண்மாய்ப் பகுதியிலும் மலையடிவாரத்திலும் போதிய மாற்று இடம் உள்ளதாலும்.'

என் எழுத்தில் அதிகம் பேரைக் கெடுத்த வரி இதுதான். கண்மாயில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் ஆடு இறங்க முடியாது. தண்ணீர் வற்றினால் கரையோரத்துக்காரர்கள் உழுதுபோட்டுவிடுவார்கள். மலையடிவாரமோ 1988 முதல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம். உள்ளே ஆட்டை விட்டதற்காக வனக்காவலர்களிடம் அபராதம் கட்டிய கதைகளை எங்கள் கிடைக்காரர்கள் டீக்கடையில் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஒருவர் ஆடு விற்று அபராதம் கட்டியவர். அவருக்காக மனுவே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதே கையால்தான் 'போதிய மாற்று இடம்' என்று எழுதினேன்.

2021 பிப்ரவரியில் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலம் முழுக்கக் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. பிறகு அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் அளவில் நிறுத்திக்கொண்டது. எங்கள் ஊருக்கு இரண்டும் ஒன்றுதான். எங்கள் பக்கத்துக் காடு காப்பகத்துக்குள் இருக்கிறது. புலி காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஊருக்குள் மேய்க்கால் இருந்திருந்தால் காட்டுக்கு வெளியே இவர்களுக்கு ஒரு போக்கிடம் இருந்திருக்கும். காட்டைக் காக்கும் பாரத்தில் ஒரு பங்கைச் சுமப்பது ஊருக்குள் கிடக்கும் இந்தத் துண்டு நிலங்கள்தான். எங்கள் ஊர்த் துண்டை நான் இல்லாமல் ஆக்கினேன்.

நான்காவது: 'இப்பகுதி ஏழை எளிய மாணவர்களின் கல்வி நலன் கருதியும்.'

இதை எழுதும்போது உண்மையாகவே நெஞ்சு நிமிர்ந்தது. முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவனுக்கு ஆட்டையும் பள்ளிக்கூடத்தையும் இரண்டு தட்டில் வைத்தால் எது கனக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் இங்கிலீஷ் மீடியம் படிக்கட்டுமே என்று வீட்டில் சொன்னேன். அந்தப் பள்ளியின் கட்டணம் எவ்வளவு இருக்கும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'ஏழை எளிய' என்ற அடையைச் சேர்த்திருக்க முடியாது. கிடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இன்றும் ஊர்ப்பள்ளியில்தான் படிக்கிறார்கள். புதுப் பள்ளிக்குச் சுற்றுவட்டாரத்திலிருந்து மஞ்சள் வேன்கள் வருகின்றன.

இன்னொன்றும் உண்டு, இதுவரை யாரிடமும் சொல்லாதது. பணமாக ஒரு பைசா நான் வாங்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் பள்ளி திறந்த வருடம் பி.எட். முடித்துவிட்டு வீட்டிலிருந்த என் மருமகளுக்கு அங்கே வேலை கிடைத்தது. நான் கேட்கவில்லை. அவர்களாகக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். மருமகளுக்கு மட்டும் தெரியாது. இதை அச்சில் படித்துத்தான் அவள் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

நல்ல காரியத்துக்குத்தானே என்ற வாதத்துக்கு நீதிமன்றம் எப்போதோ பதில் சொல்லியிருக்கிறது. பெங்களூரில் ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை நகர வளர்ச்சிக் குழுமம் ஒரு தனியார் அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்டக் கொடுத்தது. குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனையைவிடப் பூங்கா பெரிதா என்றுதான் எதிர்த்தரப்பு கேட்டது. திறந்த வெளி மக்களுக்கென்று திட்டத்தில் ஒதுக்கப்பட்டது, அதைத் தனியாருக்குத் தூக்கிக் கொடுக்கக் குழுமத்துக்கு அதிகாரமில்லை என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் தீர்மானத்துக்கு ஏறக்குறைய இருபது வருடம் முன்பே. 'நல்ல காரியம்' என்ற நான்காவது காரணம் பிறக்கும்போதே நொண்டி.

ஐந்தாவது: 'பொதுமக்களிடமிருந்து ஆட்சேபணை ஏதும் வரப்பெறாததாலும்.'

சொல்லுக்குச் சொல் இது உண்மை. யாரும் ஆட்சேபிக்கவில்லை. எப்படி ஆட்சேபிக்காமல் போனார்கள் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

கிராம சபையில் வைக்காமல் இதைச் செய்தால் பின்னால் பிரச்சினை வரும் என்று கிளார்க் பயந்தார். எப்போது வைக்கலாம் என்று என்னிடம் கேட்டார்கள். அக்டோபர் 2 வேண்டாம், ஜனவரி 26 வையுங்கள் என்றேன். ஏனென்று அவர்கள் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. தை பிறந்து அறுப்பு தொடங்கிவிட்டால் கிடைக்காரர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். தாள் நிற்கும் வயல்களில் கிடை போட மந்தையை ஓட்டிக்கொண்டு கிழக்கேயும் தெற்கேயும் போய்விடுவார்கள். திரும்ப மாசி, பங்குனி ஆகும். அக்டோபரில் வைத்தால் அத்தனை பேரும் வந்து உட்கார்வார்கள்.

2010 குடியரசு தினத்தன்று கொடியேற்றி, மிட்டாய் கொடுத்துவிட்டு சபை கூடியது. நூறு நாள் வேலைக்காரர்களை வரச்சொல்லி வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். எண்ணிக்கை சரியாகிவிட்டது. குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சுகாதார வளாகம் என்று பொருள்களைக் கிளார்க் கடகடவென்று வாசித்தார். நடுவில் ஒன்றாக இதுவும் போயிற்று. சர்வே எண்ணைத்தான் வாசித்தாரே தவிர 'மந்தைக்காடு' என்று ஊரார் சொல்லும் பெயரை வாசிக்கவில்லை. வாசகத்தில் அந்தப் பெயரை நான் சேர்த்திருக்கவில்லை. அறிவிப்புத் தாள் சாவடிச் சுவரில் முறைப்படி ஒட்டப்பட்டது. படிக்க வேண்டியவர்கள் திரும்பி வந்தபோது வெயிலில் எழுத்து வெளிறியிருந்தது.

பங்குனியில் திரும்பியவர்களில் மூத்தவர் ஒருவர் நேரே என் வீட்டுக்கு வந்தார். வயதில் எனக்கு மூத்தவர், நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். திண்ணையில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

"வாத்தியாரய்யா, கம்பி வேலி போட கல்லு ஊன்றாங்க. நீங்க மன்றத்துல இருக்கும்போதா இது நடந்துச்சு? நீங்க சண்டை போட்டிருப்பீகளே?"

"என்ன செய்ய அண்ணாச்சி, எல்லாம் மேலேருந்து வந்த முடிவு" என்றேன்.

அவர் நம்பினார். 'உங்களால முடிஞ்சத செஞ்சிருப்பீக' என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். தீர்மானம் எழுதியது, தேதி சொன்னது எல்லாவற்றையும்விட இந்த ஒரு பதில்தான் என்னை அதிகம் அறுக்கிறது. அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் குத்தகை ஆணை வருவதற்கு முன் அவர்கள் கலெக்டர் அலுவலகத்துக்குப் போயிருக்கலாம். நேரம் இருந்தது. என் பெயர் கெட்டுவிடும் என்ற ஒரே பயத்தில் அந்த நேரத்தை நான் தின்றேன். அடுத்த சில வருடங்களில் ஊரில் கிடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அண்ணாச்சியின் மகன்கள் ஆட்டை விற்றுவிட்டுத் திருப்பூர் போனார்கள். அவர் இப்போது இல்லை.

2011 ஜனவரி 28 அன்று பொது நிலங்களைப் பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. பஞ்சாபில் பாட்டியாலா பக்கம் ரோஹர் ஜாகீர் என்ற ஊரின் குளத்தை மூடி வீடு கட்டியவர்களிடம் நிலத்தின் விலையை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்று கலெக்டர் சொல்லியிருந்தார். அது செல்லாது, நாடு முழுவதும் கிராமப் பொது நிலங்களை மீட்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். பத்திரிகையில் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தீர்ப்பு ஆக்கிரமிப்பாளர்களைப் பற்றியது, குத்தகையைப் பற்றியது இல்லை என்று யோசிக்கும் நிதானம்கூட இல்லை. தொடர்ந்து படித்தேன். ஏற்கெனவே பள்ளிக்கூடமோ மருந்தகமோ பொதுப் பயன்பாட்டுக் கட்டடமோ எழுந்துவிட்ட இடங்களுக்கு விதிவிலக்கு தரலாம் என்றிருந்தது. பள்ளிக்கூடம்! அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். ஊர்ப் பொது நிலங்களைக் காப்பாற்ற வந்த தீர்ப்பில் நான் தேடியது எனக்கு ஒளிந்துகொள்ள ஒரு மூலை. கிடைத்ததும் போதும் என்றிருந்தேன்.

அந்த மூலையிலிருந்து என்னை வெளியே இழுத்தது அரிட்டாபட்டி. மதுரை மேலூர் பக்கத்தில் உள்ள அந்த ஊரையும் மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த 193 ஹெக்டேர் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு வருடத்தில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போயிற்று. 2024 நவம்பர் 23 அன்று நடந்த கிராம சபையில் அரிட்டாபட்டிக்காரர்களும் சுற்றியுள்ள ஊர்க்காரர்களும் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஜனவரியில் ஆயிரக்கணக்கான பேர் மேலூர் வட்டாரத்திலிருந்து மதுரைக்கு நடந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

தொலைக்காட்சியில் அந்தக் கிராம சபைகளைக் காட்டியபோது பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பேரன், "தாத்தா, நீங்க மெம்பரா இருந்தப்போ இந்த மாதிரி தீர்மானம் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டான். டீ ஆறுகிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். சட்டம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். தீர்மானப் புத்தகமும் அதே கோடு போட்ட புத்தகம்தான். எங்கள் ஊரில் பொது நிலத்துக்கு எதிரி சுரங்க கம்பெனியாக வரவில்லை, ரவுடியாகவும் வரவில்லை. ஊர் மரியாதை கொடுத்துத் திண்ணையில் உட்கார வைத்த, பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஒருவனாக வீட்டுக்குள்ளேயே இருந்தான்.

பள்ளியை இடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதையும் எனக்கில்லை. ஆனால் அறக்கட்டளைக்குக் கொடுத்தது கிரயமில்லை, 30 வருடக் குத்தகை. 11 ஏக்கரில் கட்டடமும் விளையாட்டுத் திடலும் போக மேற்குச் சரிவில் பெரும்பகுதி வேலிக்குள் சும்மாதான் கிடக்கிறது. வெள்வேல மரங்கள் சில அங்கே இன்னும் நிற்கின்றன. குத்தகையைப் புதுப்பிக்கக் கோப்பு வரும்போது ஊராட்சியின் கருத்தைக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். அப்போது நான் உயிரோடு இருக்கப்போவதில்லை. யாரோ ஒருவர் பழைய தீர்மானத்தை எடுத்து, காரணங்கள் ஏற்கெனவே தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன என்று சொல்லி அதையே திருப்பி எழுதிவிடக் கூடாது.

அதற்காகத்தான் இதை எழுதி, கையொப்பமிட்டு, ஒரு படியை ஊராட்சி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை வாங்கியிருக்கிறேன். மேற்படி தீர்மானத்தில் கண்ட ஐந்து காரணங்களில் முதலாவதும் மூன்றாவதும் பொய், இரண்டாவதும் நான்காவதும் பாதிப் பொய், ஐந்தாவது நான் திட்டமிட்டு உண்டாக்கிய உண்மை. அந்த நிலத்தின் பேரில் பதிவாகியிருக்கும் ஒரே ஆட்சேபணை இப்போதைக்கு இதுதான். காலம் கடந்து வந்தது என்று இதைத் தள்ளுபடி செய்யலாம். அப்படிச் செய்தால், தள்ளுவதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதுகிறவர் யார், கூட்டம் எந்தத் தேதியில், அன்றைக்கு ஊரில் இல்லாதவர்கள் யார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.